நடுக்கம் தீர என்ன வழி? – வாசகர் கேள்வி பதில்

பயம், விரதம், வேண்டுதல், மனத்துணிவு பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் சிவனையோ முருகனையோ கும்பிடுகிறவர்கள். அதனால் பதில்களும் சைவ மரபை ஒட்டியே இருக்கும். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: என் கணவர் பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகிறது. மாத்திரை கொடுப்பது, துடைத்துவிடுவது எல்லாம் நான்தான். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் பாராயணம் செய்யச் சொன்னார்கள். பத்து நாள் ஓடியது, பிறகு விட்டுப்போய்விட்டது. இப்போது அதுவே உறுத்துகிறது. எனக்கு பக்தி போதவில்லையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: குறை பக்தியில் இல்லை அம்மா, அளவில்தான். படுக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு பார்க்கிற வீட்டில் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைக்காது. முதல் பத்து நாள் வைராக்கியத்தில் ஓடும். பதினோராம் நாள் அவருக்குக் காய்ச்சல் வரும், படுக்கை நனையும், அன்றோடு அறுந்துபோகும். கால் மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஓதுவதற்கு எட்டு நிமிஷம், மீதி சும்மா உட்காருவதற்கு.

எதை ஓதுவது? திருநாவுக்கரசரின் நமச்சிவாயப் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் திருமுறையில் பதினோராம் பதிகம், ‘சொற்றுணை வேதியன்’ என்று தொடங்கும். பத்தே பாட்டு. அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது பாடியது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கரையேறிய இடம் இன்றைய கடலூரில் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர். இதில் நாலாவது பாட்டின் கடைசி இரண்டு அடிகளைக் கவனியுங்கள்: ‘அடுக்கற்கீழ்க் கிடக்கினும் அருளின் நாம்உற்ற நடுக்கத்தைக் கெடுப்பது நமச்சிவாயவே.’ மலைக்கு அடியில் சிக்கிக் கிடந்தாலும் என்கிறார். மலை விலகிவிடும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை, நடுக்கம் போகும் என்றுதான் சொல்கிறார். உங்கள் நிலைமையில் இருப்பவர் முதலில் எதிர்பார்க்க வேண்டியதும் அதைத்தான். பாரம் நாளைக்கும் அப்படியே இருக்கும். அதைத் தூக்குகிற கை நடுங்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வாரத்துக்கு ஒரு பாட்டு மனப்பாடம் செய்யுங்கள். பத்து வாரத்தில் பதிகம் முழுதும் கைவசம். மனப்பாடம் எதற்கென்றால், ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டால் அவர் விழித்துக்கொள்வார், புத்தகம் பார்க்க முடியாது. போனில் பார்க்கலாமே என்று எடுத்தால் நாலு குறுஞ்செய்தி கண்ணில் படும், தூக்கம் அத்தோடு போச்சு. புத்தகம் வாங்கும்போது சந்தி பிரித்து, சொல் சொல்லாக அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். சந்தி பிரிக்காத பதிப்பில் புதிதாக ஓதுகிறவர்கள் ஒவ்வொரு அடியிலும் தடுக்கி, நாலாம் நாள் மூடி வைத்துவிடுகிறார்கள்.

காலையில் ஓதும்போது வாய்விட்டு ஓதுங்கள். ஆரம்பத்திலும் முடிவிலும் ‘திருச்சிற்றம்பலம்’ சொல்வது முறை. ஓர் அடியை ஒரே மூச்சில் சொல்லி, அடி முடிந்ததும் மூச்சு வாங்குங்கள். இப்படிச் செய்தால் வெளிமூச்சு தானாக நீளும், படபடப்பு தணிய அது உடம்புக்கே நேரடியாக உதவும். ராகம் தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். ஓதுவார் பாடிய பதிவை இரண்டு நாள் கேட்டால் நடை பிடிபட்டுவிடும்.

இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் படுத்தபடியே புரளாதீர்கள். எழுந்து சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள், நாலாம் பாட்டை மட்டும் உதட்டளவில் மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தூக்கம் வந்ததா என்று சோதிக்காதீர்கள், சோதிக்கச் சோதிக்க அது தள்ளிப்போகும். ஒன்று முக்கியம்: படபடப்போடு மார்பில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் பதிகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

விட்டுப்போன நாட்களை மறுநாள் சேர்த்து ஓதிச் சரிக்கட்ட வேண்டாம். பாக்கி ஏறிக்கொண்டே போனால் அது கந்துவட்டிக் கடன் மாதிரி ஆகி, பூஜை அறைப் பக்கமே போகப் பயமாகிவிடும். விட்ட நாள் விட்டதுதான், இன்றைக்கு எட்டு நிமிஷம். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரமாவது அவரைப் பார்த்துக்கொள்ள உறவிலோ அக்கம்பக்கத்திலோ ஒருவரைக் கேட்டு வையுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். தினமும் 108 தடவை ‘நமசிவாய’ சொல்கிறேன். ஆனால் 20, 30க்கு மேல் மனசு எங்கோ போய்விடுகிறது. தேர்வு அறைக்குள் போனதும் கை வியர்த்துவிடுகிறது. தீட்சை வாங்காததால்தான் பலிக்கவில்லை என்கிறார் ஒரு நண்பர்.
– வாசகர், மதுரை

பதில்: நாமமாக ‘நமசிவாய’ என்று சொல்ல தீட்சை வேண்டியதில்லை. ஹ்ரீம், க்லீம் போன்ற பீஜாட்சரங்கள் சேர்ந்த மந்திரங்களைத்தான் குருவிடம் கேட்காமல் தொடக்கூடாது. யூடியூபில் பார்த்து அப்படி எதையாவது கூட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

108ஐ எவ்வளவு நேரத்தில் முடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். மூன்று நிமிஷத்துக்குள் முடிந்தால் அது ஜபம் இல்லை, எண்ணிக்கை ஓட்டம். நாக்கு பழக்கத்தில் ஓடும், மனசுக்கு அங்கே வேலை இருக்காது, வெளியே போகத்தான் செய்யும். ஒரு வெளிமூச்சுக்கு ஒரு தடவை என்று வைத்தால் 108க்கு எட்டிலிருந்து ஒன்பது நிமிஷம் ஆகும். அந்த வேகம் சரி.

ஜபத்தை மூன்று விதமாகச் சொல்வார்கள்: பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்வது, உதடு மட்டும் அசைய முணுமுணுப்பது, மனத்துக்குள் சொல்வது. மூன்றாவதுதான் உயர்ந்தது என்று படித்துவிட்டு எடுத்த எடுப்பில் அதில் இறங்குவதுதான் மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு. மனம் ஓடுகிறவனுக்கு வாய்தான் கயிறு. முதல் மாதம் முழுக்கக் குரல் விட்டே சொல்லுங்கள். அடுத்த மாதம் முதல் 54 குரலோடு, மீதி 54 முணுமுணுப்பாக. மனத்துக்குள் சொல்வது அதற்கப்புறம். கண்ணை முழுக்க மூடினால் தூக்கம் வருகிறதா? பாதி திறந்து விளக்குச் சுடரைப் பாருங்கள். சாப்பிட்ட கையோடு உட்காராதீர்கள்.

ருத்திராட்ச மாலையில் 108 மணியும் ஒரு நாயக மணியும் இருக்கும். வலது கை நடுவிரலில் மாலையைப் போட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ள வேண்டும். ஆள்காட்டி விரல் படக்கூடாது என்பது வழக்கம். நாயக மணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மாலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டைவிரல் தவிர மற்ற நாலு விரலிலும் மூன்று மூன்று கணு, ஆக 12. ஒன்பது சுற்று வந்தால் 108.

இந்தக் கணுக் கணக்குதான் தேர்வு அறையில் உங்களுக்குக் கைகொடுக்கப் போகிறது. வினாத்தாள் வருவதற்கு முன் மேஜைக்குக் கீழே ஒரே ஒரு சுற்று, 12 மூச்சு, ஒரு நிமிஷம். யாருக்கும் தெரியாது. ஆனால் தேர்வு அன்றைக்குத்தான் முதல் தடவை செய்து பார்க்கிறேன் என்றால் ஒன்றும் நடக்காது. வீட்டில் மாதிரித் தேர்வு எழுத உட்காரும்போதெல்லாம் இதே ஒரு சுற்றைச் செய்து பழகுங்கள். பாடம் படிக்காத பகுதிக்கு ஜபம் விடை சொல்லித் தராது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: எனக்கு 58 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்த வருஷம் கந்த சஷ்டி ஆறு நாளும் பால், பழம் மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்து, தினமும் 36 தடவை கவசம் சொல்ல ஆசை. முருகன் பார்த்துக்கொள்வான் என்று மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முருகன் பார்த்துக்கொள்வான், அதில் எங்களுக்கும் சந்தேகம் இல்லை. அவன் டாக்டர் மூலமாகப் பார்த்துக்கொள்வதை நாம் தடுக்கக்கூடாது.

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் தொடங்கி ஆறாம் நாள் சஷ்டியில் சூரசம்ஹாரம். உங்களுக்குப் பக்கத்திலேயே திருச்செந்தூர் கடற்கரையில் நடப்பது. மறுநாள் திருக்கல்யாணம். விரதத்துக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் இருக்கும்போதே டாக்டரைப் பாருங்கள். ‘விரதம் இருக்கலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். என்ன சாப்பிடப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு என்று தாளில் எழுதிக்கொண்டு போனால் மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள்.

பால், பழம் என்றால் லேசான விரதம் என்று நினைக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுதான் சிக்கல். காலையில் மூன்று வாழைப்பழமும் சர்க்கரை போட்ட பாலும் சாப்பிட்டால் அளவு சட்டென்று ஏறும். இரவு வெறும் வயிற்றில், உள்ளே போன மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, அளவு ஒரேயடியாக இறங்கும். கிளிமெபிரைடு வகை மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்களுக்கு இந்த இறக்கம் ஆபத்தானது. கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல், குழப்பம் இவை அடையாளங்கள். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் யோசிக்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. அதற்கப்புறம் சாப்பிட்டுவிட வேண்டும். விரதம் முறிந்துவிட்டதே என்று தயங்கி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. உயிர் காக்க முறித்த விரதத்துக்குத் தோஷம் கிடையாது. சிறுநீரகக் கோளாறும் இருந்தால் பட்டினி விரதத்தை நினைக்கவே வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்துவது இதுதான்: மூன்று வேளையும் அளவாக, நேரம் தவறாமல் சாப்பிடுங்கள். வெங்காயம், பூண்டு, மசாலா, இனிப்பு, வெளிச் சாப்பாடு ஆறு நாளும் கிடையாது. பாயில் படுக்கை. டீவி, வீண் பேச்சு, கோபம் விலக்கு. கோபத்தை ஆறு நாள் விலக்குவது பட்டினியைவிடக் கஷ்டம் என்பது முயன்று பார்த்தால் தெரியும்.

கவசத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு நாளில் முப்பத்தாறு உரு, அதாவது முப்பத்தாறு தடவை, என்று கவசத்திலேயே வருகிறது. நிதானமாக ஒரு தடவை சொல்ல ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும். 36 தடவை என்றால் 12 மணி நேரம். மூன்றாம் நாள் தொண்டை கட்டி, வேகம் பிடித்து, எழுத்தை விழுங்கி, கடைசியில் எண்ணிக்கை மட்டுமே மிஞ்சும். ஒரு நாளைக்கு ஆறு வீதம் ஆறு நாளில் 36 என்று முடிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காலை மூன்று, மாலை மூன்று. அதுவே இரண்டு மணி நேரம் ஆகும், போதும்.

கேள்வி: 44 வயதில் வேலை போய்விட்டது. ‘எல்லாம் அவன் செயல்’ என்று விட்டுவிடு என்கிறாள் அம்மா. ‘சாமி சாமி என்று உட்கார்ந்திருந்தால் சோறு வருமா’ என்கிறாள் மனைவி. இரண்டு பேருக்கும் நடுவில் நான்.
– வாசகர், ஓசூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் ஒரே அடிக்குள் அடங்கும். திருக்கடம்பூர்ப் பதிகத்தில் அப்பர் என்கிற திருநாவுக்கரசர், ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்கிறார். தாங்குவது அவன் கடமை, வேலை செய்வது என் கடமை. ஒன்றை ஒன்றோடு கலந்துகொள்வதால்தான் தலை வெடிக்கிறது.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் ‘என் கடன்’. பி.எஃப். கணக்கைச் சரிபார்ப்பது, அனுபவச் சான்று வாங்குவது, பழைய சகாக்கள் மூன்று பேருக்குப் போன் செய்வது, பள்ளியில் கட்டணத்துக்குத் தவணை கேட்பது. நாளைக்கே கைவைக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். மறுபக்கம் ‘தன் கடன்’. நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்களா, வயதைக் காரணம் காட்டுவார்களா, ஊர் என்ன பேசும், அடுத்த தை மாதம் எப்படி இருக்கும். இவற்றில் உங்கள் கை செல்லாது. காலையில் விளக்கு ஏற்றியதும் இரண்டாவது பக்கத்தை ஒரு தடவை வாசித்து, ‘இது உன்னுடையது’ என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து சுவாமி படத்துக்குக் கீழே வையுங்கள். பிறகு முதல் பக்கத்தில் இரண்டு வேலை. மத்தியானத்துக்குள் முடிய வேண்டும்.

பழக்கத்தில் ஒரு தப்பு நேரும். பயமான வேலைகளை, உதாரணமாக அந்தப் போன் அழைப்பை, நைசாக ‘தன் கடன்’ பக்கத்துக்குத் தள்ளிவிடுவோம். வாரத்துக்கு ஒருநாள் மனைவியிடம் தாளைக் காட்டுங்கள். அவர் கண்ணுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

கேள்வி: மகன் பிழைத்தால் குலதெய்வத்துக்கு ஒரு பவுன் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். பிழைத்துவிட்டான். தங்கம் விற்கிற விலையில் இரண்டு வருஷமாக முடியவில்லை. வீட்டில் எது நடந்தாலும் ‘சாமி குத்தம்’ என்கிறார்கள். சில நேரம் சாமி மேலேயே கோபம் வருகிறது. அதுவும் பாவமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் நேர்த்திக்கடன். கடன் வாங்கி நேர்த்திக்கடன் கழிக்காதீர்கள். மஞ்சள் நனைத்த வெள்ளைத் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, வேண்டியது என்ன, யாருக்காக என்று வாய்விட்டுச் சொல்லி, குலதெய்வத்தின் படத்துக்கு முன் வையுங்கள். நேரம் கேட்பதற்கு நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள வழி இது. பிறகு மாதம் ஒரு தொகை, 300 ஆனாலும் சரி, தனி உண்டியலில் போட்டு வாருங்கள். ஒரு பவுன் என்றால் எட்டு கிராம். சேர்ந்தபோது ஒரு கிராமில் பொட்டு வாங்கிச் சாத்தி, மீதியை அடுத்தடுத்த ஆண்டுகளில் முடிப்பதும் வழக்கத்தில் உண்டு. உங்கள் கோயில் பூசாரியிடமோ பங்காளி வகைப் பெரியவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். மொட்டை வேண்டுதலும் இருந்தால் அதை உடனே முடித்துவிடலாம். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது.

‘குத்தம் கழிக்கிறேன்’ என்று ஆயிரக்கணக்கில் பட்டியல் போட்டுக்கொண்டு யாராவது வருவார்கள். கோயில் ரசீது தருவாரா என்று கேளுங்கள். பாதிப் பேர் அதோடு வரமாட்டார்கள்.

கோபம் பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். தந்தையின் வேள்விக்குப் பொருள் வேண்டித் திருவாவடுதுறையில் பாடிய சம்பந்தர், ‘இதுவோ எமை ஆளுமாறு’ என்று கேட்கிறார். நீ என்னை ஆள்கிற லட்சணம் இதுதானா, கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் இதுதான் உன் அருளா என்று முகத்துக்கு நேரே கேள்வி. கண் இழந்த சுந்தரர் திருவாரூரில், எங்கள் கண் போனால் என்ன, நீர் நன்றாக ‘வாழ்ந்து போதீரே’ என்று பாட்டுக்குப் பாட்டு இடிக்கிறார். இருவருக்கும் கேட்டது கிடைத்தது. சுந்தரர் சத்தியத்தை மீறியதால் கண் இழந்தவராயிற்றே, எனக்கும் அப்படி ஆகுமோ என்று கலங்காதீர்கள். நீங்கள் வாக்கை மீறவில்லை, தள்ளித்தான் போட்டிருக்கிறீர்கள்.

கோபம் வந்தால் சந்நிதியில் நின்று சொல்லிவிடுங்கள். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோயிலுக்கே போகாமல் இருப்பதுதான் உறவை அறுக்கும்.

கேள்வி: மாதவிடாய் நாட்களில் பதிகம் சொல்லலாமா? அந்த நாட்களில்தான் மனசு ரொம்பச் சோர்ந்துபோகிறது.
– வாசகி, வேலூர்

பதில்: சொல்லலாம். பூஜை அறை, விளக்கு, கோயில் விஷயத்தில் உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது இருக்கட்டும். நாமத்துக்கும் மனப்பாடமாக ஓதுவதற்கும் தடை இல்லை.

கேள்வி: அப்பா இறந்து நாலு மாதம் ஆகிறது. தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான். டாக்டரிடம் காட்டலாம் என்றால், ‘கோயிலுக்குக் கூட்டிப்போ, மனநோய் மாத்திரை எல்லாம் வேண்டாம், நம்பிக்கை இருந்தால் போதும்’ என்கிறார்கள் உறவினர்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: டாக்டரிடம் காட்டுங்கள், கோயிலுக்கும் கூட்டிப்போங்கள். வரிசையும் இதுதான். பசி, தூக்கம், பேச்சு மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் அது வெறும் துக்கம் இல்லை, வைத்தியம் தேவைப்படும் நிலை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ‘இருந்து என்ன பிரயோஜனம்’, ‘அப்பாகிட்டயே போயிடறேன்’ என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும். அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைப் பட்டைகள் இருந்தால் கைக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள்.

மாத்திரை பிடிக்கப் பெரும்பாலும் சில வாரங்கள் ஆகும். நடுவில் கொஞ்சம் தெளிந்ததும் ‘சாமி குணமாக்கிவிட்டார்’ என்று நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் விபரீதம்.

கோயிலுக்கு வெள்ளிக்கிழமை, பிரதோஷம் என்று கூட்டமான நாளில் இழுத்துப் போகாதீர்கள். நடை திறந்த கையோடு, ஆள் இல்லாத காலை நேரத்தில், 20 நிமிஷம். பிரகாரத்தில் ஒரு சுற்று நடந்து வெயில் படும் இடத்தில் உட்காரட்டும். ‘நல்லா வேண்டிக்கோ’ என்று சொல்ல வேண்டாம். வேண்டிக்கொள்ளத் தெம்பு இல்லாதவரிடம் அதைக் கேட்டால் அதிலும் தோற்றுப்போனதாகத் தோன்றும். அவருக்காக நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற கையோடு மனைவியும் போய்விட்டாள். பொழுது விடிந்தாலே வெறுமை. உட்கார்ந்து தியானம் செய்ய என்னால் முடியாது. உடம்பால் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். முழங்கால் வலி மட்டும் உண்டு.
– வாசகர், கும்பகோணம்

பதில்: உழவாரப்பணி. சரியை என்று சைவத்தில் முதல் படியாக வைத்திருப்பதே இதைத்தான்: கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூப்பறிப்பது, மாலை தொடுப்பது, விளக்கிடுவது. அப்பர் கையில் புல் செதுக்கும் உழவாரப்படையோடுதான் எல்லாக் கோயிலிலும் நிற்கிறார். உங்கள் ஊரைச் சுற்றி ஆள் நடமாட்டம் குறைந்த பாடல் பெற்ற தலங்களுக்குப் பஞ்சமே இல்லை.

தனியாகப் போய் ஆரம்பிக்காதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு செய்கிற குழுக்கள் கும்பகோணம் பக்கம் இருக்கின்றன, குருக்களைக் கேட்டால் சொல்வார். புதிதாகக் கூடுவதானால் செயல் அலுவலரிடம் அல்லது அறங்காவலரிடம் தேதி, ஆள் எண்ணிக்கை, செய்யப்போகும் வேலை மூன்றையும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் கருங்கல் தளம் சுடும். தென்னந்துடைப்பம், களைக்கொத்தி, அரிவாள், வாளி, தேங்காய் நார், கையுறை, முகத்துக்குக் கட்டத் துண்டு இவை போதும். நந்தவனத்தில் புதர் இருந்தால் முதலில் நீளக் கழியால் தட்டிச் சத்தம் கொடுங்கள், பாம்பு இருந்தால் விலகிப் போகும்.

ஆர்வக்கோளாறில் கோயிலைக் கெடுப்பது எப்படி என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கு எண்ணெய் படிந்து கறுத்த தூணில் ஆசிட் ஊற்றுகிறார்கள், கம்பி பிரஷால் தேய்க்கிறார்கள். கல் அரிக்கும், கல்வெட்டு எழுத்து மழுங்கும். ஆயிரம் வருஷம் நின்ற எழுத்து ஒரு மணி நேரத்தில் போய்விடும். பிசுக்கை மூங்கில் சிம்பால் மெதுவாகச் சுரண்டி, சீயக்காய் அல்லது அரப்புப் பொடியை வெந்நீரில் குழைத்துத் தடவி, அரை மணி ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு தடவையில் போகாது, அடுத்த மாதம் மறுபடி. மணல் வீச்சு இயந்திரம் கூடவே கூடாது. கல்வெட்டு உள்ள சுவரில் சுண்ணாம்போ பெயின்டோ பூசுவதும் அப்படித்தான்.

விமானத்தில் முளைத்த அரசங்கன்றை ஏறிப் பிடுங்குவது இன்னொரு தப்பு. வேர் கல் இடுக்குக்குள் வெகுதூரம் போயிருக்கும். இழுத்தால் வேரோடு கல்லும் நகரும், பிடுங்குகிறவரும் விழுவார். எங்கே முளைத்திருக்கிறது என்று படம் எடுத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், வேரை முறைப்படி அழிப்பது ஸ்தபதியும் பொறியாளரும் பார்க்க வேண்டிய வேலை. கருவறை, அர்த்தமண்டபச் சாமான்களை குருக்கள் எடுத்துக் கொடுத்தால் மட்டுமே தொடுங்கள்.

முழங்கால் வலிக்கு ஏற்ற வேலை நிறைய இருக்கிறது. பித்தளை விளக்குத் தேய்ப்பதை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். ஊறவைத்த புளியைப் பூசிக் கொஞ்சம் விட்டு, சாம்பல் தொட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி, துணியால் ஈரம் போகத் துடைத்து வெயிலில் வையுங்கள். ஈரத்தோடு எடுத்து வைத்தால் அடுத்த வாரமே பச்சை பிடிக்கும். திரி திரிப்பது, மாலை தொடுப்பது, பழைய வஸ்திரங்களைப் பிரித்து அடுக்குவது எல்லாம் உங்களுக்கு வரும். அரளி தொடுத்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காபி டம்ளரைத் தொட வேண்டும், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு.

மாதம் ஒரு நாள் குழுவோடு போங்கள். மற்ற நாட்களில் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் ஒரே ஒரு வேலையை உங்கள் பேரில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்திக்கு ஒரு குறிப்பிட்ட சந்நிதியில் விளக்கிடுவது போல. எண்ணெய், திரி உங்கள் பொறுப்பு. உங்களுக்கு உடம்பு முடியாத நாளில் அதை யார் செய்வார் என்று இப்போதே ஒருவரிடம் பேசி வைத்துவிடுங்கள்.